ஹோய் ஆனில் ஒரு நாள் முந்திய பூரணை

கடந்த வியாழக்கிழமை. வேலை முடிந்து, டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கிறேன். போன் அடித்தது. டோஸ்ட்ருப்பிலிருந்து ஒரு வாசகி.

"அண்ணை, நீங்கள் வியட்நாமில இருந்து எழுதினதை வெட்டி ஃபிரிட்ஜில ஒட்டி வைச்சிருக்கிறன். இலையுதிர்கால லீவுக்கு நாங்களும் ஹோய் ஆன் போறம்."

மனம் குளிர்ந்தது. எந்தப் பத்தி எழுத்தாளனுக்குத்தான் குளிராது? ஃபிரிட்ஜ் கதவில் இடம் பிடிப்பது லேசான காரியமா?

"ஒரு சின்ன விசயம் கேக்கோணும். அந்த விளக்கு இரவண்டு பூரணை எண்டு எழுதியிருக்கிறியள். நான் அம்மாவுக்குப் பூரணை விரதம் பிடிக்கிறனான். அப்ப அண்டைக்கே பிடிக்கட்டோ?"

குளிர்ந்த மனம் உறைந்தது.

"தங்கச்சி, ரயில் வந்திட்டுது. பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டேன். ரயில் உண்மையிலேயே வந்தது. ஆனால் கதவு திறக்க இன்னும் நேரம் இருந்தது. ஒரு வசனம் சொல்லப் போதுமான நேரம்...

அந்த வசனம் இதுதான்: நான் எழுதியது பிழை. விளக்கு இரவு பூரணை இல்லை. பூரணைக்கு முதல் நாள்.

பிழை என்று எனக்கு எப்போது தெரியும்? அந்தப் பத்தி அச்சாகும் முன்பே. ஆசிரியருக்கு ஒரு வரி அனுப்பியிருந்தால் திருத்தியிருப்பார். அனுப்பவில்லை. அடுத்த வாரம் ஹோய் ஆனின் தையற்கடைகளைப் பற்றி எழுதினேன். அதற்கடுத்த வாரம் சொட்டுச் சொட்டாய் வடியும் வியட்நாம் கோப்பியைப் பற்றி. இரண்டுக்கும் நல்ல வரவேற்பு. கோப்பி கமகமக்கிற இடத்தில் யார் பூரணையைத் தேடப் போகிறார்கள்?

ஒருவர் தேடிவிட்டார். ஆகவே இந்த வாரம் சுற்றுலா இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் நாலு பேர் போனோம். நான், மனைவி சுகந்தி, ரண்டர்ஸில் இருக்கும் பவானி அக்கா, அவருடைய மகள் நிலா. பவானி அக்கா சொந்தமில்லை; சொந்தத்தைவிடக் கூட. போர்னஹேவயில், அதாவது பாலர் பள்ளியில், வேலை. நாள் முழுக்க இருபது டெனிஷ் பிள்ளைகளை அதட்டி மேய்க்கிறவர். பின்னேரம் நாங்கள் கிடைத்தால் எங்களையும் மேய்ப்பார். நிலா ஓகூஸில் படிக்கிறாள். தமிழ் நன்றாக விளங்கும். பதில் மட்டும் டெனிஷில் வரும்.

அக்காவின் அம்மா போன வருடம் யாழ்ப்பாணத்தில் தவறிவிட்டார். அக்காவின் பாஸ்போட் முடிந்திருந்தது. புதியது கைக்கு வருமுன் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. வேலையிடத்தில், பிள்ளைகளின் மழைச்சட்டைகள் தொங்குகிற அறையில் இருந்துகொண்டு போனில் செத்த வீட்டைப் பார்த்தார். வெளியில் ஒரு பிள்ளை சப்பாத்துப் போட்டுவிடச் சொல்லி அழுததாம். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்ப் போட்டுவிட்டாராம். திரும்பி வந்தபோது பெட்டியை மூடியிருந்தார்கள்.

"செத்த வீட்டுக்குப் போகாத மகள் நான். ஒரு வருசத்தில வாற ஆட்டைத் திவசம் வரைக்கும் ஒரு பூரணையும் விடாமல் பிடிப்பன். அதையாவது ஒழுங்காச் செய்வம்" என்றார்.

எங்களுடைய ஆட்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தகப்பனுக்கு அமாவாசை, தாய்க்குப் பூரணை. அன்றைக்கு மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் இல்லை. ஒருவேளைச் சாப்பாடு, அதுவும் மரக்கறி. அக்கா அந்த வருடம் முழுக்க ஒன்றும் விடவில்லை. வேலையிடத்து விருந்து வந்தது, விடவில்லை. காய்ச்சல் வந்தது, விடவில்லை. ஹோய் ஆனில் வரப்போவது ஆட்டைக்கு முந்திய கடைசிப் பூரணை.

இப்போது என்னைப் பற்றி. இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், நாள், மாதம், வருடம் பிழைத்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. ஒரு கல்யாண வீட்டில் பொம்பிளையின் தகப்பன் மேடையில் நின்று, "நாங்கள் டென்மார்க்குக்கு வந்து இறங்கின அந்தப் பனிக்காலம்..." என்று கண்கலங்கத் தொடங்கினார். நான் இருந்த இடத்திலிருந்தே, "அது மழைக்காலம் அண்ணை, பனி பிறகுதான் விழுந்தது" என்றேன். சுகந்தி கிள்ளிய தழும்பு சில நாள் இருந்தது.

சரி, ஹோய் ஆன். வியட்நாமின் நடுப்பகுதியில் ஆற்றோரத்து ஊர். டா நாங் விமான நிலையத்தில் இறங்கிக் காரில் போனால் விரைவில் வந்துவிடும். மஞ்சள் சுவர்கள், பாசி பிடித்த ஓடுகள், வாசலுக்கு வாசல் பட்டு விளக்குகள். பழைய துறைமுகம். சீனர், ஜப்பானியர் எல்லாம் வந்து தங்கி வியாபாரம் செய்திருக்கிறார்கள். ஜப்பானியர் கட்டிய கூரைப் பாலம் ஒன்று. ஒரு முனையில் குரங்குச் சிலைகள், மற்ற முனையில் நாய்ச் சிலைகள். குரங்கு ஆண்டில் கட்டத் தொடங்கி நாய் ஆண்டில் முடித்ததால் அப்படி என்று ஒரு கதை. பாலத்தில் நின்று இதை நான் விளக்கமாகச் சொல்லி முடித்தேன்.

"அப்ப வருசத்தை மறக்காமல் இருக்க நாயைக் காவலுக்கு வைச்சிருக்கினம்" என்றார் பவானி அக்கா. "நாங்கள் உம்மைக் கூட்டிக்கொண்டு திரியிற மாதிரி."

எல்லாரும் சிரித்தார்கள். நானும். எனக்கு அது பாராட்டாகத்தான் பட்டது.

அந்த ஊரில் மாதத்துக்கு ஒரு விளக்கு இரவு உண்டு. பழைய தெருக்களில் மின்விளக்கை அணைத்துவிடுவார்கள். கடதாசி விளக்கில் மெழுகுதிரி ஏற்றி ஆற்றில் விடுவார்கள். சுற்றுலா விளம்பரங்கள் இதை 'முழுநிலா விழா' என்று சொல்கின்றன. எங்கள் ஹோட்டலிலும் ஒரு பலகை: நாளை முழுநிலா விழா.

காலைச் சாப்பாட்டில் நான் அறிவித்தேன். "அக்கா, நாளைக்குப் பூரணை."

அக்கா போனை எடுத்தார். ரண்டர்ஸில் குசினிச் சுவரில் தொங்குகிற பஞ்சாங்கக் கலண்டரைப் படம் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். "இதில நாளைக்கு இல்லை, நாளண்டைக்கு எண்டெல்லோ கிடக்கு, தம்பி?"

"அது டென்மார்க் நேரத்துக்குப் போட்ட கலண்டர். இஞ்சை மணி முன்னுக்கு ஓடுது. அதால திதியும் முன்னுக்கு வரும். விளங்குதே?"

"அப்பிடியோ?"

"கணக்குத்தானே, அக்கா. ஊரே விளக்குக் கொளுத்துது. அவைக்குத் தெரியாதே பூரணை எப்ப எண்டு?"

கணக்கை இப்போது இந்த மேசையில் இருந்துகொண்டு நிதானமாகப் பார்க்கிறேன். நிலவு நிறைகிற கணம் உலகம் முழுக்க ஒன்றுதான். ஹோர்சன்ஸில் மாலை என்றால் ஹோய் ஆனில் நள்ளிரவு ஆகிவிடும். மணி முன்னுக்கு ஓடுகிற ஊரில் ஒரு நாள் பிந்தலாமே தவிர, முந்தாது. கூட்டவேண்டிய இடத்தில் கழித்திருக்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளை விடுகிற பிழை. ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளை இவ்வளவு உறுதியாகச் சொல்லாது.

அக்கா போனை உள்ளே வைத்தார். "நீர் சொன்னால் சரி. உமக்குத் தெரியாததே?"

இந்த வசனம் இப்போதும் காதில் நிற்கிறது.

மறுநாள் அக்கா விரதம். சாப்பாட்டுக்குக் கஷ்டப்படவே இல்லை. ஊர் முழுக்க மரக்கறி கிடைத்தது. அந்த ஊரின் பேர்போன காவ் லாவ், தடித்த மஞ்சள் நூடில்ஸ், பச்சை இலைகள், மேலே மொறுமொறு துண்டுகள். வழக்கமாகப் பன்றி இறைச்சியோடு வரும். அன்றைக்குப் பன்றிக்குப் பதில் தோபுவும் காளானும் போட்டுக் கொடுத்தார்கள். "பாத்தீங்களே, ஊரே விரதம்!" என்றேன் நான். எனக்கு அது இன்னொரு அத்தாட்சி.

பொழுது பட, விளக்கு அணைந்தது. ஆறு முழுக்கச் சிவப்பும் மஞ்சளும் மிதந்தன. அக்கா ஒரு விளக்கை வாங்கி, நாங்கள் ஏறிய படகிலிருந்து குனிந்து, தண்ணீரில் வைத்தார். கையை உடனே எடுக்கவில்லை. பிறகு எடுத்தார். "போயிட்டு வாங்கோ அம்மா" என்றது மட்டும் கேட்டது. நிலா தாயின் முதுகில் கை வைத்திருந்தாள்.

ஹோட்டலுக்கு வந்த சூட்டோடு பத்தியை எழுதி அனுப்பினேன். 'பூரணை நிலவின் கீழ் ஒரு மகள்' என்று முடித்திருந்தேன். ஃபிரிட்ஜில் ஒட்டப்பட்டது அதுதான்.

அடுத்த நாள் காலை மீ சன் போனோம். மலைகளுக்கு நடுவில் சம்பா அரசர்கள் கட்டிய செங்கல் கோயில்கள். நாலாம் நூற்றாண்டிலிருந்து கட்டியிருக்கிறார்கள். லிங்கம் இருக்கிறது, ஆவுடையார் இருக்கிறது, பூசைதான் இல்லை. போரில் விழுந்த குண்டுகளின் பள்ளங்களும் இருக்கின்றன. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு லிங்கத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டார். "எங்கட சிவன் இவ்வளவு தூரம் வந்து தனிய நிக்கிறார்" என்றார்.

திரும்பி வந்தது நல்ல பசியோடு. சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக்கடை. கடைக்காரப் பெண்ணுக்கு எங்கள் வயதுதான் இருக்கும். சிரித்துக்கொண்டே இரண்டு பானைகளைக் காட்டினார். ஒன்றைத் தொட்டு, "சாய்" என்றார். சாய் என்றால் அவர்கள் பாஷையில் மரக்கறிச் சாப்பாடு. முதல் நாளே படித்திருந்தேன்.

யாரும் வாய் திறக்குமுன் நான் கையை அசைத்தேன். "நோ, நோ. அது நேற்று. இன்றைக்கு எல்லாம் கொண்டாங்கோ."

பன்றி போட்ட காவ் லாவ் வந்தது. இறாலை அரிசிமாவில் பொதிந்து அவிக்கிற 'வெள்ளை ரோஜா' வந்தது. அக்காவுக்கு இறால் என்றால் உயிர். நேற்றைய ஒருவேளைச் சாப்பாட்டின் பசியும் சேர, இரண்டு மூன்றை ஒரேயடியாக எடுத்தார்.

நிலாதான் சுற்றிப் பார்த்தாள். மற்ற மேசைகளில் ஒருவரும் இறைச்சி சாப்பிடவில்லை. எல்லாருக்கும் அந்த மற்றப் பானை. வாசலில் ஒரு தட்டில் பூ, பழம், ஊதுபத்தி. போனில் மொழிபெயர்ப்பைத் திறந்து கடைக்காரப் பெண்ணிடம் ஏதோ கேட்டாள். அவர் சந்தோசமாக விளக்கம் சொன்னார். வானத்தைக் காட்டினார். விரல்களை விரித்துப் பதினைந்து என்று காட்டினார்.

நிலா போனை மேசையில் வைத்தாள். டெனிஷில் தாயிடம் மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, இண்டைக்குத்தானாம் முழுநிலா. விளக்கு விடுறது முதல் நாள், பதினாலாம் நாளாம். இஞ்சை கனபேர் ரெண்டு நாளும் மச்சம் சாப்பிடமாட்டினமாம்."

அக்காவின் சாப்பாட்டுக் குச்சியில் பாதி இறால் இருந்தது.

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? "அக்கா, பிழை விட்டிட்டன்" என்று சொல்லியிருக்க வேண்டும். என்ன செய்தேன் தெரியுமா? வாதாடினேன்.

"அவையின்ர கலண்டர் சீனக் கணக்கு, அக்கா. எங்கட பஞ்சாங்கம் வேற."

நிலவு எந்த நாளில் நிறைகிறதென்று நிலா போனில் தேடிக் காட்டினாள்.

"அது டென்மார்க் நேரத்தில கிடக்கும்."

"இல்லை மாமா. இறங்கின உடனே போன் இஞ்சத்தை நேரத்துக்கு மாறிட்டுது." டெனிஷில் மட்டும் கதைக்கிறவள் இதை நல்ல தமிழில் சொன்னாள். எனக்கு விளங்காமல் போய்விடக் கூடாதென்று நினைத்திருப்பாள்.

அக்கா குச்சியை வைத்தார். எழுந்து கடையின் பின்பக்கம் போனார். வாய் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. நிறைய நேரம் கேட்டது. திரும்பி வந்து இருந்தபோது முகமும் நனைந்திருந்தது.

"கலண்டர்ல நாளண்டைக்கு எண்டு கிடந்தது" என்றார். கோபமாக இல்லை. தனக்குத்தானே சொல்வதுபோல. "நான் கையில வைச்சிருந்தனான்."

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். இந்தப் பயணத்தில் நான் சொன்னவற்றிலேயே மோசமானதை.

"அக்கா, மனம்தான் முக்கியம். நாளிலை என்ன கிடக்கு?"

யார் சொல்கிறது? கல்யாண மேடையில் அழுகிற மனிசனுக்கு மழைக்காலமா பனிக்காலமா என்று திருத்தம் சொன்னவன். மற்றவன் பிழை விட்டால் நமக்கு நாள் முக்கியம். நாமே விட்டால்? மனம் முக்கியம். இந்த வசதியை யார் எங்களுக்குக் கொடுத்தார்கள்?

அக்கா என்னைப் பார்த்தார். "ஓம் தம்பி, மனம்தான் முக்கியம். அப்ப நாளைக் கேட்டு உம்மோட என்னத்துக்கு மினக்கெட்டனான்?"

சுகந்தி என் பக்கம் திரும்பவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு, "இதையும் எழுதுங்கோ பாப்பம்" என்றாள்.

அதற்குள் கடைக்காரப் பெண் பதறிக்கொண்டு ஓடி வந்துவிட்டார். தட்டு தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது, சாப்பிட்டவர் எழுந்து போய் வாய் கொப்பளிக்கிறார்... தன் சாப்பாட்டில் ஏதோ பிழை என்று நினைத்துவிட்டார். பவானி அக்கா உடனே சிரித்தார். அழுத முகத்தோடு ஒரு சிரிப்பு. பெருவிரலை உயர்த்தி, நெஞ்சில் கை வைத்து, "குட், குட், வெரி குட்" என்றார். மற்றப் பானையைக் காட்டி ஒரு கோப்பை கேட்டார். அந்தப் பெண்ணின் மனம் நோகக் கூடாதென்று அதில் கொஞ்சம் சாப்பிட்டும் விட்டார்.

ஒரு பிழை, இரண்டு பெண்கள். ஒருவர் அழ, மற்றவர் பதற, பிழை விட்ட நான் கை துடைக்கிற கடதாசியை மடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று பின்னேரம் மூன்று பேரும் ஆற்றுக்குப் போனார்கள். விளக்கு இரவு முடிந்தாலும் விளக்கு விற்பார்கள். என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. ஹோட்டல் பல்கனியில் நின்றேன். நிலவு கூரைகளுக்கு மேல் வந்தது. முழுசாக, ஒரு குறையும் இல்லாமல். முதல் நாள் நிலவை நினைத்துப் பார்த்தேன். ஓர் ஓரத்தில் ஒரு நூல் அளவு குறைந்துதான் இருந்திருக்க வேண்டும். அன்றைக்கு நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை. பத்தியின் கடைசி வரியை யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆசிரியருக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம் என்று சொன்னேன் அல்லவா? அந்தப் பல்கனியில் போன் கையில்தான் இருந்தது.

டோஸ்ட்ருப் தங்கச்சிக்கு வெள்ளிக்கிழமை போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு இரவில் ஆசைப்பட்டால் பிடியுங்கோ, ஆனால் அம்மாவுக்கான நாள் கலண்டரில் இருக்கிறதுதான் என்றேன்.

"அப்ப ஃபிரிட்ஜில கிடக்கிறதைக் கிழிக்கட்டோ, அண்ணை?"

"சாப்பாட்டுப் பகுதியை வைச்சிருங்கோ. அதில பிழையில்லை."

"அதையும் ஒருக்கா ஆரிட்டையும் கேட்டுப் பாக்கிறன்" என்றார். சரிதானே? அந்தச் சந்தேகம் நான் சம்பாதித்தது.

சனிக்கிழமை ரண்டர்ஸில் ஆட்டைச் சாப்பாடு. திதி நடுவாரத்தில் வந்தது. இங்கே எல்லாரும் எல்லாவற்றையும் சனிக்கிழமைக்குத் தள்ளுகிற ஆட்கள். பவானி அக்கா தள்ளவில்லை. லீவு போட்டுவிட்டுத் திதியிலேயே செய்து முடித்திருந்தார். சனிக்கிழமை எங்களுக்குச் சாப்பாடு மட்டும்.

போகவே கால் வரவில்லை. "வராட்டி அதுவும் ஒரு பிழை" என்று சுகந்தி காரில் ஏற்றினாள்.

ஹோய் ஆனிலிருந்து வந்த பிறகு அக்காவோடு நான் கதைக்கவில்லை. வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே நின்று சொன்னேன். "அக்கா, உங்கட கணக்குத்தான் சரி. எனக்குத் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரிச் சொன்னனான். அதுக்குப் பிறகு வாதாடினதுதான் அதைவிடப் பிழை."

"உள்ள வாரும். கறி ஆறுது" என்றார். அவ்வளவுதான்.

வரவேற்பறையில் முப்பது பேர். அம்மாவின் படத்துக்கு மாலை, பக்கத்தில் படையல். வாழையிலை கிடைக்காததால் கடதாசித் தட்டு. நான் ஒரு மூலைக் கதிரையில், யார் கண்ணிலும் படாமல் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாயாச வாளியோடு அக்கா வந்து எனக்கு முன்னால் நின்றார். குரலைத் தாழ்த்தவில்லை, பாலர் பள்ளிக் குரல்.

"தம்பி, வாற பூரணை எண்டைக்கு?"

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கதை ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்திருந்தது என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது.

"எனக்குத் தெரியாது, அக்கா."

என் வாழ்க்கையில் ஒரு திகதி கேட்டவருக்கு நான் இந்தப் பதிலைச் சொன்னது இதுதான் முதல் தரம்.

"எனக்குத் தெரியும்" என்றார் அக்கா, பாயாசத்தை ஊற்றிக்கொண்டே. "ஆட்டையோட நிப்பாட்டுவம் எண்டுதான் இருந்தனான். இனி ஏலாது, ஒண்டு பிழைச்சுப் போச்சு. தொடர்ந்து பிடிக்கப் போறன். மாசத்துக்கு ரெண்டு நாள். கலண்டர் சொல்லுற நாள் அம்மாவுக்கு. அதுக்கு முதல் நாள் உமக்கு."

முப்பது பேரும் சிரித்தார்கள். நிலா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

விரதம் பிடிப்பது போய்ச் சேர்ந்தவர்களுக்கு. வெட்கத்தில் செத்து அந்தக் கதிரையில் இருந்து பார்த்தபோது, அக்காவின் கணக்கில் ஒரு பிழையும் தெரியவில்லை.